கண் நிவாரணம்

ஒன்பது வரி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு காலிக் கட்டம். எது முக்கியமோ அதற்கு ஒன்று, எது இல்லாவிட்டாலும் வண்டி ஓடுமோ அதற்கு ஒன்பது என்று எண் போட வேண்டும், ஒன்று போட்டதற்கு மட்டும் கீழே காரணம் எழுத வேண்டும், நாலு மணிக்குத் தபால் கட்டிவிடுவார்கள் என்று சொல்லி அலுவலகக் கண்காணிப்பாளர் பூபதி தாளை வைத்துவிட்டுப் போனபோது மணி மூன்று. மூன்று பத்து வரைக்கும் டாக்டர் வசந்தாமணி பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக உட்கார்ந்திருந்தாள். மூக்குக் கண்ணாடி மேஜை மேல் கிடந்தது. கிட்டத்தில் படிக்க அவளுக்குக் கண்ணாடி வேண்டாம், தூரத்துக்குத்தான் வேண்டும், அதைக் கழற்றிவிட்டால் பத்தடிக்கு அப்பால் எல்லாம் கரைந்துபோகும், எதிர்ச் சுவரில் காலண்டர் தொங்குகிறது என்று தெரியுமே தவிர என்ன தேதி என்று தெரியாது. தெரியாததும் ஒரு வகையில் சௌகரியந்தான். வனத்துறையில் பதினெட்டு வருடமாகக் கால்நடை மருத்துவர். யானைக்கும் சிறுத்தைக்கும், ஒருமுறை கிணற்றில் விழுந்த கரடிக்கும், மயக்க ஊசித் துப்பாக்கியால் குறிபார்த்து ஊசி போட்டவள். அந்தத் துப்பாக்கியின் மேல் பொருத்துகிற ஸ்கோப் பழசாகிவிட்டது, புதிதாக வாங்க வேண்டும், அதில் என்னென்ன அம்சம் முதலில் வேண்டும் என்று சுட்டவளையே கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. சுட்டவளுக்குத்தானே தெரியும். அவளுக்குத் தெரிந்ததுதான் தொல்லை.

முதல் வரி உருப்பெருக்கம், அடுத்தது பார்வைப் பரப்பு, அப்புறம் மங்கிய ஒளியில் தெளிவு, குறுக்கிழை, நீர் புகாமை என்று இறங்கிக்கொண்டே போயிற்று. பூபதிக்குத் தமிழ்மேல் பற்று. கோப்பில் ஓர் ஆங்கில எழுத்தைப் பார்த்தால் சோற்றில் கல் கடித்த மாதிரி முகம் போகும். கம்பெனிக்காரர்கள் அனுப்பிய ஆங்கிலத் தாளை வீட்டுக்கு எடுத்துப்போய் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அகராதியோடு மல்லுக்கட்டியிருக்கிறார். பள்ளிக்கூட இயற்பியலை ஞாபகம் வைத்துக்கொண்டு இடமாறு தோற்றப் பிழை என்றுகூட எழுதிவிட்டார், கண் கொஞ்சம் நகர்ந்தாலும் குறி நகர்ந்துபோகிற கோளாறு, அதைச் சரியாகவே பிடித்திருக்கிறார். ஆனால் ஒன்பதாவது வரியில் மனுஷர் சறுக்கிவிட்டார். கண் நிவாரணம். ஐ ரிலீஃப் என்று அச்சடித்திருந்ததை அப்படி ஆக்கியிருந்தார். "ரிலீஃப்னா நிவாரணந்தானுங்களே மேடம், வெள்ளம் வந்தாக் குடுக்கறமே, அதானுங்க. கண்ணு எரியாம இருக்கக் கண்ணாடியில ஏதாச்சும் பூசுவாங்களாட்ட இருக்குது" என்று விளக்கம் வேறு. நிவாரணமும் இல்லை, பூச்சும் இல்லை. கண்ணுக்கும் ஸ்கோப்பின் கண்ணாடிக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி விடலாம் என்பதுதான் அது. அதிகம் விட முடிந்தால் கண்ணைத் தள்ளி வைத்துக்கொண்டே முழுசாகப் பார்க்கலாம், குறைவாக இருந்தால் கண்ணைக் கொண்டுபோய் ஒட்ட வைக்க வேண்டும், இல்லாவிட்டால் சுற்றிலும் கறுப்பு வளையம் கட்டிக்கொண்டு நடுவில் ஒரு பொட்டுதான் தெரியும். இதைச் சொல்ல வாயெடுத்தவள் சொல்லவில்லை. சிரிப்பாவது வந்திருக்க வேண்டும். ஐந்து மாதத்துக்கு முன்னால் என்றால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாள், ஜீப்பில் போகும்போது கூட வருகிற காவலர் நஞ்சனிடம் சொல்லியிருப்பாள், அவனும் புரியாமலே கூடச் சேர்ந்து சிரித்திருப்பான். இப்போது வரவில்லை. அழுகையும் இப்படித்தான், வருகிற மாதிரி இருந்துவிட்டு வேறு எங்கோ போய்விடுகிறது.

எடைக்கு எட்டு போட்டாள். போட முடிந்தது. நீர் புகாமைக்கு நாலு, ஜூன் மாத மலையடிவாரத்தில் பனியும் தூறலும் ஸ்கோப்புக்குள் ஏறி வெள்ளையாக நிற்பதை அவள் பார்த்திருக்கிறாள். குறி காட்டுகிற குறுக்கிழைக்கு ஆறு, உறுதிக்கு ஏழு, இடமாறு பிழைக்கு ஐந்து. ஒன்றும் இரண்டும் மூன்றும் ஒன்பதும் மிச்சம் இருந்தன. ஒன்பதைக் கண் நிவாரணத்துக்குப் போட்டுவிட்டால் எல்லாம் முடிந்தது, யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள், ஏனென்றால் அது உதைக்கிற துப்பாக்கிக்காரன் கவலைப்பட வேண்டிய சமாச்சாரம், தோட்டா வெடித்துப் பின்னுக்கு அடிக்கும்போது ஸ்கோப் விளிம்பு புருவத்தைக் கிழித்துவிடும், அவனுக்குத்தான் அந்த இடைவெளி உயிர். ஊசித் துப்பாக்கி வெறும் காஸில் ஓடுவது, உதைக்காது, கைக்குழந்தை ஏப்பம் விட்ட மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். கொள்முதல் குழுவில் இருக்கிற மூன்று பேரும் இதைத் தெரிந்தவர்கள். ஒன்பது போட்டால் தலையாட்டுவார்கள். ஒன்று போட்டால் நிமிர்ந்து பார்ப்பார்கள். உதைக்காத துப்பாக்கிக்கு இது எதற்கு டாக்டர் என்பார்கள். இன்னொரு ஆளுக்கும் அந்த இடைவெளி வேண்டும், மூக்குக் கண்ணாடி போட்ட ஆளுக்கு, கண்ணாடி குறுக்கே இருக்கிறதால் கண்ணை ஒட்ட வைக்க முடியாதவளுக்கு என்று இவள் சொல்ல வேண்டிவரும். அப்படியா, பழைய ஸ்கோப்பில் அது குறைச்சல்தானே, அப்படியானால் நீங்கள் அன்றைக்கு எப்படிச் சுட்டீர்கள் என்பார்கள். கேள்வி அங்கேதான் வந்து நிற்கும். எந்தப் பக்கம் சுற்றிக்கொண்டு போனாலும் அங்கேதான். மூன்று போடலாமா. மூன்றுக்குக் காரணம் எழுத வேண்டியதில்லை. ஆனால் மூன்றாவதாகக் கேட்டதைக் கம்பெனிக்காரன் எங்கே தருவான், முதல் இரண்டைக் கொடுத்துவிட்டு மற்றதைக் கைகழுவிவிடுவான், எல்லா டெண்டரும் அப்படித்தான். ஒரு காலை மடித்து நாற்காலியில் போட்டு உட்கார்ந்திருந்தாள், அது மரத்துப்போக ஆரம்பித்திருந்தது. எடுத்துக் கீழே விட வேண்டும் என்று நினைத்தாள். நினைத்தாளே தவிர விடவில்லை.

ஐந்து மாதத்துக்கு முன்னால், ஆறரை மணி இருக்கும் அன்றைக்கு. காலை ஆறரை. வாழைத்தோட்டத்து ஓரம் மக்னா நின்றது, தந்தமில்லாத ஆண் யானை, மூன்று வீட்டுச் சுவரை இடித்து அரிசி தின்று பழகியது, பின்தொடையில் ஊசி போட்டு மயக்கிக் கழுத்தில் பட்டை கட்ட வேண்டும். வேட்டைத் தடுப்புக் காவலர் நஞ்சன் அவள் கூடவே வந்தான், பத்து வருடமாக அப்படித்தான், அவனுக்கென்று மூன்று வேலை. தண்ணீர் கேன் தூக்குவது ஒன்று. யானை மயங்கியதும் அதன் கண்ணில் களிம்பு போட்டு ஈரத்துண்டால் மூடுவது ஒன்று, மயக்கத்தில் யானைக்குக் கண் திறந்தேதான் இருக்கும், இமைக்காது, வெயிலிலும் தூசியிலும் காய்ந்துபோகும், அதற்காக. நஞ்சன் தன் தோள் துண்டைத்தான் போடுவான், வேறு துணி கொடுத்தாலும் வாங்க மாட்டான், மூடும்போது யானையிடம் ஏதோ பேசுவான். மூன்றாவது வேலை எந்தத் தாளிலும் இல்லாதது. குறிபார்க்கக் கீழே படுக்கும்போது அவள் கண்ணாடியைக் கழற்றி நீட்டுவாள், அவன் வாங்கிக் காக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வான். கண்ணாடியோடு அந்த ஸ்கோப்பில் பார்த்தால் கறுப்பு வளையந்தான். கழற்றிவிட்டுக் கண்ணை ஒட்ட வைத்து, ஸ்கோப்பைத் திருகித் தெளிவாக்கிக்கொண்டால் உள்ளே யானையின் மயிர்கூட ஒவ்வொன்றாகத் தெரியும். வெளியே ஒன்றும் தெரியாது. தெரிய வேண்டாம், வெளியே நஞ்சன் பார்த்துக்கொள்வான். பத்து வருடத்தில் அது பழக்கமாகி, பழக்கம் அறிவாகிவிட்டது. அன்றைக்கு அவனை இடதுபக்கம் உண்ணிச்செடிப் புதருக்குப் பின்னால் போய் நிற்கச் சொன்னாள். அங்கிருந்து அவனுக்கு யானை தெரியாது. யானை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று குரல் கொடுக்க வேண்டியது சுட்டவள் பொறுப்பு. சுட்டாள். தைத்ததா என்று பார்க்க எட்டு நொடி கண்ணை எடுக்கவில்லை. ஊசியின் சிவப்புக் குஞ்சம் தொடையில் ஆடியது, அழகாகத் தைத்திருந்தது, சந்தோஷப்பட்டாள், அதைச் சொல்லத்தான் வேண்டும், அந்த எட்டு நொடியும் அவள் சந்தோஷமாக இருந்தாள். அப்புறம் வட்டத்துக்குள் யானை இல்லை, வெறும் வாழை இலை. தலையைத் தூக்கினாள். பச்சையாக ஒரு கரைசல், சாம்பலாக ஒரு கரைசல், அது நகர்ந்தது, எந்தப் பக்கம் என்று கண் சொல்லவில்லை, வாய் சொல்லிவிட்டது. "வலது, வலது" என்று கத்தினாள். யானை வலதுபக்கம் வருகிறது என்று நஞ்சன் அவள் குரலை நம்பி இடதுபக்கமாகவே ஓடினான். மக்னாவும் இடதுபக்கந்தான் போயிற்று. "டாக்டரம்மா" என்று ஒருதரம் கேட்டது. கூப்பிட்டானா, ஏதாவது சொல்ல வந்தானா, அதுமட்டும் இன்றுவரை அவளுக்குத் தெரியவில்லை.

மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒருதரம் டொக்கென்றது. டொக், டொக். மருந்து யானைக்கு ஏறியது போலத்தான் அவளுக்கும் ஏறியிருக்க வேண்டும் அன்றைக்கு, கண் திறந்திருந்தது, எல்லாவற்றையும் பார்த்தது, ஒன்றும் உறைக்கவில்லை. சவக்கிடங்குக்குப் போனாள், கையெழுத்துப் போட்டாள், சோறு தின்றாள். விசாரணை நடந்தது. வேறு மாவட்டத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார், நல்ல மனிதர், அவளைச் சிக்கவைக்கும் எண்ணமே அவருக்கு இல்லை, எழுதி வைத்திருந்த கேள்விகளை வரிசையாகப் படித்தார். சுடும்போது மூக்குக் கண்ணாடி அணிந்திருந்தீர்களா. ஆம் என்றாள். யானை முதலில் வலப்பக்கம் திரும்பியதை நேரில் கண்டீர்களா. ஆம். அந்த இரண்டு ஆம்களும் அவள் யோசித்துச் சொன்னவை அல்ல, விசாரணையில் உட்கார்ந்தபோது மூக்கின் மேல் வேறொரு கண்ணாடி இருந்தது, பழைய சோடி, அது அங்கே இருந்ததால் அதுவே பதில் சொன்ன மாதிரி இருந்தது. பிறகு ஜீப் ஓட்டுநரைக் கேட்டார்கள். தூரத்திலிருந்து பார்த்தவர் அவர் ஒருவர்தான். "ஓடறப்ப வலது கைய நெஞ்சு மேல அமுத்திப் புடிச்சுட்டே ஓடுனானுங்க. கைய வீசி ஓடியிருந்தான்னாத் தப்பிச்சிருப்பானோ என்னமோ" என்றார். அறிக்கையில் அது என்னவாயிற்று தெரியுமா, காவலருக்கு அந்த நேரத்தில் நெஞ்சுவலி கண்டிருக்கலாம் என்று ஆயிற்று. ஓட முடியாமல் போனது அவன் உடம்பின் குற்றமாயிற்று. நஞ்சனுக்கு நெஞ்சுவலியாம். கரடிமடை ஏற்றத்தை மூச்சு வாங்காமல் ஏறுகிறவனுக்கு. அவன் சட்டைப் பையில் பொத்தான் இல்லை. பொத்தான் போன பையில் கண்ணாடி துள்ளி விழுந்துவிடக் கூடாது என்று பிடித்துக்கொண்டு ஓடியிருக்கிறான். அவளுக்கு அது அந்த வினாடியே தெரிந்தது, ஓட்டுநர் தன் கையை நெஞ்சில் வைத்துக் காட்டியபோதே தெரிந்தது. தெரிந்தும் எதிரே இருந்த டம்ளரில் தண்ணீர் குடித்தாள். உடலோடு இருந்த பொருள்களின் பட்டியலில் துண்டு ஒன்று, தீப்பெட்டி ஒன்று, கத்தி ஒன்று, நாலாவதாக மூக்குக் கண்ணாடி ஒன்று, உடைந்தது. இறந்தவருடைய உடைமை என்று எழுதி அவன் மனைவி ரங்கியிடம் ஒரு பழுப்பு உறையில் போட்டுக் கொடுத்தார்கள். ரங்கி உறைக்குள் பார்த்துவிட்டு, "அவியளுக்குக் கண்ணு நல்லாத்தானுங்க இருந்துச்சு" என்றாள். "வயசானா எல்லாரும் போடறதுதாம்மா" என்று யாரோ சொன்னார்கள். ரங்கி உறையின் வாயை மடித்து மூடினாள். வசந்தாமணி ஆறடி தள்ளி நின்றுகொண்டிருந்தாள், அது என்னுடையது என்று சொல்லவில்லை.

வராந்தாவில் காலடி கேட்டது. கதவுக்கு வெளியே காக்கியாக ஒரு கரைசல் நின்றது, நஞ்சனின் அதே உயரம், அதே சாய்ந்த தோள். "டாக்டரம்மா, உள்ள வரலாமுங்களா" என்ற பிறகுதான் மருதன் என்று தெரிந்தது, நஞ்சனின் தம்பி, முப்பது வயது, அண்ணன் வேலையை அவனுக்குக் கொடுத்திருந்தார்கள், புதுச் சட்டை போட்டிருந்தான், மடிப்புக்கூடக் கலையவில்லை. மேஜை அருகே வந்து நின்றதும் அவன் முகம் தெளிந்தது. புதுச் சாமான் வந்ததும், அன்றைக்குப் பட்டை கட்டாமலே விட்டுவிட்ட அந்த மக்னாவுக்கு மறுபடி ஊசி போடப் போகிறார்களாமே, அவனைத்தான் அண்ணன் நின்ற இடத்தில் போட்டிருக்கிறார்களாமே, எப்போது என்று கேட்க வந்தானாம். மூன்று வாரம் ஆகும் என்றாள். "சரிங்க. தண்ணி கேன், களிம்பு, துண்டு, எல்லாம் அண்ணன் சொல்லிக் குடுத்துருக்குதுங்க. படுக்கறதுக்கு முன்னால டாக்டரம்மா கண்ணாடியக் கழட்டிக் குடுப்பாங்க, வாங்கிப் பத்திரமா வச்சுக்கோணும்னும் சொல்லீருக்குது." சொல்லிக்கொண்டே சட்டையின் மேல்பையைத் தொட்டுக் காட்டினான். "இந்தச் சட்டைப் பைக்குப் பொத்தான் இல்லீங்க, சும்மா மடிச்சு வுட்டுருந்தாங்க. அண்ணிதானுங்க பாத்துட்டு, பொத்தான் வச்சுத் தச்சுக் குடுத்துச்சு. கைய வுட்டுட்டு ஓடலாம் பாருன்னு சொல்லுச்சுங்க." காக்கிச் சட்டையில் ஒரு வெள்ளைப் பொத்தான், பழைய ரவிக்கையில் இருந்து எடுத்ததாக இருக்கலாம், கறுப்பு நூலால் நாலைந்து சுற்றுச் சுற்றித் தைத்திருந்தது. மருதன் முகத்தில் ஒன்றுமில்லை, குத்திக்காட்டுகிற முகம் இல்லை, தெரியாத முகமும் இல்லை, வேலைக்கு வந்தவன் வேலையைப் பற்றிப் பேசுகிற முகம். வசந்தாமணி அந்தப் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வெளிய உக்காரு மருதா" என்றாள். அவன் போனான், கதவைத் தாண்டியதும் மறுபடி காக்கிக் கரைசல் ஆனான்.

அப்படியானால் ரங்கிக்குத் தெரியும். ஐந்து மாதமாகத் தெரியும். உறைக்குள் பார்த்த அன்றைக்கே தெரிந்திருக்கிறது, நெஞ்சில் கை வைத்து ஓடியதை ஊரில் யாராவது சொல்லியிருப்பார்கள், இரண்டையும் சேர்த்துப் பார்க்க அதிகாரி வேண்டியதில்லை, புருஷனின் சட்டையைத் துவைத்தவள் போதும். தெரிந்து என்ன செய்தாள். அலுவலகத்துக்கு வந்து மண்ணை வாரித் தூற்றினாளா, மனு எழுதிக் கொடுத்தாளா, ஒன்றும் செய்யாமல் பொத்தான் தைத்திருக்கிறாள். டாக்டரம்மா இந்தத் தடவையும் கண்ணாடியைக் கழற்றித்தான் கொடுப்பாள், இந்தத் தடவையும் கண் தெரியாமல்தான் கத்துவாள் என்று முடிவு கட்டிவிட்டு, இவனாவது இரண்டு கையும் வீசி ஓடட்டும் என்று. அவமானமாக இருந்தது. ஐந்து மாதத்தில் முதல்முதலாக ஒன்று இருந்தது, இது இன்னது என்று பேர் சொல்லும்படி, காது மடலில் சூடாக. இதற்குக் குற்றவுணர்வு, துக்கம் என்று பெரிய பேரெல்லாம் வேண்டாம், வெறும் அவமானம், பள்ளிக்கூடத்தில் பொய் சொல்லி மாட்டிக்கொண்டு நிற்பது மாதிரி. வேலை போகலாம். போகும். விசாரணையைத் திரும்பத் திறப்பார்கள், அந்த நல்ல அதிகாரி இந்தத் தடவை நல்லவராக இருக்க மாட்டார், அவள் வீட்டுக்காரர் ஏன் இதைக் கிளறுகிறாய் என்பார், ஏற்கெனவே மூடின குழிதானே என்பார். மூடவில்லை. நஞ்சனை நெஞ்சுவலிக்காரனாக்கி அதற்குமேல் மண் போட்டிருக்கிறது. ஒன்பதா ஒன்றா. பேனாமுனை ஒன்பதாவது வரிக்கு எதிரே போய் நின்றது. ஒன்பதைப் போட ஒரு சுழி அதிகம். ஒன்று சுலபம், மேலிருந்து கீழே ஒரே கோடு. போட்டாள்.

காரணம் என்ற இடத்தில் மூன்று கோடுதான் விட்டிருந்தார்கள். கண்ணாடி அணிந்தவர் கண்ணாடியைக் கழற்றாமலே பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்று எழுதினாள். இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், பொதுவாகச் சொன்ன மாதிரி இருக்கும், நிறுத்திக்கொள்ளலாந்தான். நான் அன்று கழற்றியிருந்தேன் என்று எழுதினாள். விசாரணையில் அணிந்திருந்ததாகச் சொன்னது பொய். யானை எந்தப் பக்கம் திரும்பியது என்று எனக்குத் தெரியவில்லை, தெரியாமலே வலது என்று கத்தினேன். கோடு தீர்ந்துவிட்டது, தாளின் ஓரமாகத் திருப்பி எழுதினாள். பொருள் பட்டியலில் நாலாவதாக உள்ள கண்ணாடி என்னுடையது. நஞ்சனுக்கு நெஞ்சுவலி இல்லை, என் கண்ணாடி விழாமல் பிடித்துக்கொண்டு ஓடினார். எழுத்து எப்போதும்போல மருந்துச்சீட்டு எழுத்தாகவே இருந்தது. மிச்சம் இருந்த பார்வைப் பரப்புக்கு இரண்டு, மங்கிய ஒளிக்கு மூன்று. உருப்பெருக்கத்துக்கு ஒன்பது போட்டாள், யானையின் மயிரை எண்ணி யாருக்கு என்ன ஆகப்போகிறது.

நாலுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பூபதி வந்தார். தாளை எடுத்து, "பரவால்லீங்களே, கண் நிவாரணத்துக்கா ஒண்ணு குடுத்தீங்க" என்று கொஞ்சம் பெருமையாகத்தான் ஆரம்பித்தார், பிறகு ஓரத்தில் எழுதியிருந்ததைப் படிக்கத் தாளைத் திருப்பினார், படித்ததும் கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டார். மின்விசிறி டொக்கென்றது. "மேடம்" என்றார், குரலைத் தாழ்த்தி, "வேற தாளு ஒண்ணு இருக்குதுங்க. நான் இதப் பாக்கலீங்க. தபாலு ஒரு பத்து நிமிஷம் நிக்கும்." நல்ல மனுஷர். எல்லோரும் நல்ல மனுஷர்களாகவே இருந்துவிட்டார்கள், அதுதான் இவ்வளவு தூரம் வந்தது. "அதுலயும் இதையேதாங்க எழுதுவேன்" என்றாள் வசந்தாமணி. "அப்புறம் அந்த வார்த்தை. அது நிவாரணம் இல்லீங்க பூபதி. கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் நடுவுல விடற எடம், அவ்வளவுதான்." பூபதி தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "திருத்திப்போடட்டுங்களா" என்றார். "வேண்டாம், அப்படியே போகட்டும்" என்றாள்.

எழுந்தாள். மடித்து வைத்திருந்த கால் தன் கால் மாதிரியே இல்லை, மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், பிறகு இழுத்துக்கொண்டே வராந்தாவுக்கு வந்தாள். மருதன் பெஞ்சிலிருந்து எழுந்தான். ரங்கியைப் பார்க்க வேண்டும், இப்போதே, பூபதியின் தாள் எங்கேயோ போகட்டும், இதை வாயால் சொல்ல வேண்டும், சொல்லி அவள் வீட்டில் இருக்கிற கண்ணாடியை என்னுடையது என்று கேட்டு வாங்க வேண்டும். "மருதா, உங்கண்ணியப் பாக்கோணும். கூட்டிட்டுப் போறியா" என்றாள். அவன் சரியென்று படிப்பக்கம் திரும்பினான். மரத்த காலில் குத்தல் ஏற ஆரம்பித்திருந்தது. முதல் படியில் அவள் கால் வைக்கப்போனபோது அவன் சட்டென்று கையை நீட்டித் தடுத்தான்.

"கண்ணாடிய உள்ளயே வச்சுட்டு வந்துட்டீங்க பாருங்க" என்றான். "எடுத்து மாட்டிட்டு வாங்க டாக்டரம்மா. நான் நிக்கறேன்."

வசந்தாமணி உள்ளே திரும்பி நடந்தாள்.